பாலத்தைத் திற!

ஒரு வாரமாகக் கொட்டிய மழை சனிக்கிழமை விடிந்தபோது நின்றிருந்தது. ஹெப்வொர்த் வீட்டில் அதற்காக இரண்டு பேர் சந்தோஷப்பட்டார்கள். ஒருவர் அம்மா, இன்னொருவர் மகள். இரண்டு பேரும் எதிரெதிர் கட்சி என்பதுதான் சங்கடம்.

இந்த வாரம்தான் இந்தக் கதையைக் கேட்க வந்து உட்கார்ந்தவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தோர்ன்பெக் ஊருக்கு நடுவே ஒரு ஆறு, ஆற்றின் மேல் ஒரு பழைய கல் பாலம். ஒரு கார் ஏறினால் எதிரே வருகிற கார் காத்திருக்க வேண்டும். நடந்து வருகிறவர்கள் சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கொள்ள வேண்டும். அவ்வளவு ஒடுக்கம். போன வசந்தத்தில் கவுன்சில் பாலத்தின் இரண்டு முனையிலும் பெரிய மரத்தொட்டிகளை வைத்து, மண் கொட்டி, செடி நட்டு, கார்களை நிறுத்திவிட்டது. இனி நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும். சோதனைக்காக ஆறு மாதம், அப்புறம் கவுன்சிலில் ஓட்டெடுப்பு.

அந்தத் திட்டத்தை நடத்துகிற கவுன்சில் அதிகாரி பிரையனி ஹெப்வொர்த். பாலத்தின் ஓரத்தில் பேக்கரி வைத்திருப்பவர் அவளுடைய அம்மா டெனிஸ். 'பாலத்தைத் திற' இயக்கத்தின் தலைவியும் அவரேதான்.

நான் குமுதினி. அவர்கள் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறேன். சனி ஞாயிறு பேக்கரியில் நிற்கிறேன். பயந்த சுபாவம். அந்த இரண்டு பேருக்கும் நடுவில் தட்டை வைத்துச் சாப்பிடுவது எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

போதாததற்கு என் தலையில் இன்னொன்று. விடியற்காலையில் அடுப்பிலிருந்து இறங்குகிற தட்டில், ஒரு வாரமாக, தினமும் ஒரு சீஸ் வெங்காய பப்ஸ் காணாமல் போகிறது. அந்த வீட்டில் மாமிசம் தொடாதவள் நான் ஒருத்திதான். டெனிஸ் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. தட்டைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், மறுபடி தட்டைப் பார்ப்பார். வாய் திறந்து கேட்டிருந்தால்கூடத் தேவலை.

காலைச் சாப்பாட்டு மேஜையில் தட்டுகளுக்கு இடமில்லை. வெண்ணெய் வந்த அட்டைப்பெட்டிகளைக் கிழித்து, பெயிண்டால் 'பாலத்தைத் திற!' என்று எழுதி, டெனிஸ் காய வைத்திருந்தார்.

பின்வாசல் வழியாக கிளைவ் உள்ளே வந்தார். டெனிஸின் கணவர், பேக்கரி வேனின் டிரைவர். பூட்ஸ் முழுக்கச் சேறு.

"எங்கய்யா போயிட்டு வர்றே, இந்நேரத்துல?" என்றார் டெனிஸ்.

"தோட்டத்துக்கு. முட்டைக்கோஸ் மழையில அழுகுதான்னு பார்த்தேன்."

"அழுகுதா?"

"யோசிச்சிட்டு இருக்கு."

பிரையனி தொண்டையைச் செருமினாள். கவுன்சிலின் மஞ்சள் சட்டையை ஏற்கெனவே மாட்டியிருந்தாள். "அம்மா, இன்னிக்கு ஊர்வலம் பாலத்து மேலதானே?"

"கவுன்சில் பேச்சு இந்த மேஜையில கிடையாது. நீ போட்ட சட்டம்டி அது."

உண்மைதான். போன மாதம் ஒரு மார்மலேட் ஜாம் புட்டி உடைந்த இரவில் பிரையனியே போட்ட சட்டம்.

"சரிம்மா. ஆனா இதை நீ தெரிஞ்சுக்கணும். அங்க கம்பத்துல ஒரு..."

"முட்டை வேணுமா வேண்டாமா?"

"வேணும்."

"அப்ப முட்டையைப் பத்திப் பேசு."

பிரையனி என்னைப் பார்த்தாள். நான் ரொட்டியைப் பார்த்தேன்.

வாசலில் ஷூ மாட்டும்போதுதான் மீதியை என்னிடம் சொன்னாள். "பாலத்து முனையில கம்பத்துல சாம்பல் கலர்ல ஒரு பெட்டி இருக்கு பாரு குமு, அது எண்ணுற பெட்டி. யார் நடந்தாலும் எண்ணும், சைக்கிள் போனாலும் எண்ணும். இந்த வாரம்தான் கணக்கு. இன்னிக்குச் சாயங்காலத்தோட முடியுது. புதன்கிழமை ஓட்டு."

"கணக்கு எப்படி இருக்கு?"

"படுமோசம். இந்த மழையில யாரு வருவா? நாய்கூட வீட்டுக்குள்ளயே ஒண்ணுக்குப் போயிருக்கும். இப்படியே போனா தொட்டியெல்லாம் தூக்கிடுவாங்க."

"அப்ப உங்கம்மா ஜெயிச்சிருவாங்க."

"ஜெயிக்க வேண்டியவங்கதான். ஆனா இன்னிக்கு ஊரையே திரட்டி, அந்தப் பெட்டி முன்னாடி நடக்க வைக்கப் போறாங்களே!" சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். "தெரிஞ்சும் சொல்லாம இருந்தா ஏமாத்துற மாதிரிதானே? சொல்லியே ஆகணும்."

கடையில் டெனிஸ் அதிகாலையிலேயே வழக்கத்தைவிட அதிகமாகத் தட்டுகள் போட்டிருந்தார். பப்ஸ், சாஸேஜ் ரோல், திராட்சை பன். "பசியோட ஒருத்தனும் கத்த மாட்டான் கண்ணு. நம்ம ஆளுங்களுக்கு நாமதான் போடணும்."

அவருடைய கோபம் சும்மா வந்ததில்லை. பாலத்தில் கார்கள் போன காலத்தில், பின்விளக்கைச் சிமிட்டவிட்டு, இஞ்சினை அணைக்காமல் ஓடி வந்து வாங்கிப் போவார்கள். மரத்தொட்டி வந்த பிறகு அந்தச் சத்தமே இல்லை. மத்தியானத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் பப்ஸ் எல்லாம் யாரோ விருந்துக்குக் கூப்பிட்டு மறந்துபோன மாதிரி உட்கார்ந்திருக்கும். போன வாரம் மாவு பிசைந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "பாலம் திறக்கலன்னா கிறிஸ்துமஸுக்கு அப்புறம் கடை இல்ல குமு. கிளைவுக்குச் சொல்லல. நீயும் சொல்லிடாதே."

அதிலிருந்து மரத்தொட்டிகளைக் கடக்கும்போதெல்லாம் தலையைத் திருப்பிக்கொள்கிறேன்.

பதினோரு மணிக்கு ஊர்வலம். கார்களையெல்லாம் மேட்டில் இருக்கிற சூப்பர்மார்க்கெட்டில் நிறுத்திவிட்டு, மக்கள் இறங்கி வந்தார்கள். தள்ளுவண்டியில் குழந்தைகள், கயிற்றில் நாய்கள், கையில் குடை. ஒரு வாரம் வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஊர், வெயிலைப் பார்த்ததும் கொடி பிடிக்கவாவது வெளியே போகலாம் என்று வந்த மாதிரி இருந்தது. முன்வரிசையில் பெரிய பதாகையை ஒரு பக்கம் கிளைவ் பிடித்தார். மறுபக்கம் நார்மன். கார் பழுது பார்க்கிற கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர், முட்டி வலிக்காரர், இயக்கத்தில் டெனிஸுக்கு அடுத்த ஆள்.

"என்ன வேணும்?" என்று டெனிஸ் கத்தினார்.

"பாலத்தைத் திற!"

"எப்போ வேணும்?"

"இப்போ!"

கம்பத்தடியில் மஞ்சள் சட்டையோடு பிரையனி நின்றிருந்தாள். டெனிஸ் கையை நீட்டினார். "பாருங்க, அதிகாரி வந்துட்டாங்க!"

கூட்டம் மரியாதையாக ஒரு முறை 'ஊ' என்று கத்திக் கேலி செய்தது. பின்னால் யாரோ, "குட் மார்னிங் பிரையனி, முதுகுவலி எப்படி இருக்கும்மா?" என்று கேட்டார்கள்.

"அம்மா, ஒரே நிமிஷம். இந்தக் கம்பத்துல இருக்கிற பெட்டி..."

"பெட்டியாவது தட்டியாவது! என்ன வேணும்?"

"பாலத்தைத் திற!"

பிரையனி கையை உதறிவிட்டு ஒதுங்கினாள்.

ஊர்வலம் பாலத்தில் ஏறியது. நடுவில் சைக்கிளில் ஒரு பெண் வந்து மாட்டிக்கொண்டாள். நம் போராளிகள் உடனே சுவரோரமாக ஒதுங்கி, "வழி விடுங்கப்பா, வழி விடுங்க" என்று அவளை அனுப்பி வைத்தார்கள். நார்மன் அவளிடம் மன்னிப்பும் கேட்டார்.

பாலத்தின் உச்சியில் கோஷம் சட்டென்று நின்றது. கீழே தண்ணீரில் ஒரு நாரை.

"கத்தாதீங்க, பறந்துடும்," என்றார் நார்மன் ரகசியமாக.

அத்தனை பேரும் பதாகையை இறக்கிவிட்டு, சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தார்கள். நாரை ஒரு மீனைப் பிடித்தது. ஊர்வலம் கை தட்டியது. டெனிஸ் மட்டும் இடுப்பில் கை வைத்து நின்றார். "நாரைக்கு கவுன்சில்ல எவ்வளவு குடுத்தாங்களோ!"

அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தால் பத்திரிகை போட்டோக்காரர் இல்லை. கார் நிறுத்த இடம் கிடைக்காமல் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தாராம்.

"பாத்தீங்களா! இதைத்தான் நான் சொல்றேன்!" என்றார் டெனிஸ். போட்டோக்காரர் வந்ததும் எல்லாரும் திரும்பி இக்கரைக்கு நடந்தார்கள். வெயில் கண்ணில் அடிக்கிறது, அந்தப் பக்கத்திலிருந்து வந்தால் நன்றாக இருக்கும் என்றார் போட்டோக்காரர். இன்னொரு முறை அக்கரை, மறுபடி இக்கரை. அப்புறம் ஒரு அம்மாவின் நாய் நடுப்பாலத்தில் கையுறையைக் கடித்துப் போட்டுவிட்டு வந்ததால், ஒரு கூட்டமே அதைத் தேடப் போனது.

நடந்தவர்களுக்குப் பசித்தது. கார் மேட்டில் இருந்தது. பேக்கரி கண்ணெதிரே இருந்தது.

வரிசை கதவைத் தாண்டி, ஜன்னலைத் தாண்டி, மரத்தொட்டி வரை போனது. சிலர் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, அதையே திட்டிக்கொண்டு பப்ஸ் சாப்பிட்டார்கள். பொட்டலம் கட்டிக் கட்டி எனக்கு விரல் மரத்துப்போனது. மூன்று மணிக்கு டெனிஸ் கடைசித் தட்டைத் தூக்கி, தலைகீழாகத் தட்டிப் பார்த்தார். துகள்தான் விழுந்தது.

"அந்தக் கருகின ரோல்?" என்று கேட்டார்.

"அதையும் வாங்கிட்டாங்க. நார்மன்."

அவர் தட்டைக் கழுவாமல் கையிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

கிளைவ், "பதாகையைக் குடுத்துட்டு வந்துடறேன்" என்று போனவர், இருட்டுகிற வரை வரவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு டெனிஸ் மேஜைக்கடியில் வெந்நீர்ப் பாத்திரத்தில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கிளைவ் அப்போதுதான் வந்து எதிரே உட்கார்ந்தார். சூப்பை ஊற்றுவதற்குள் நார்மனிடமிருந்து போன். பத்திரிகையின் இணையப் பக்கத்தில் செய்தி வந்துவிட்டதாம்.

"என்ன போட்டிருக்கான்? ... ஐம்பது பேரா?" டெனிஸின் குரல் ஏறியது. "ஐம்பது பேர் என் கடை வாசல்லயே நின்னாங்களே! அவனுக்கு எண்ணத் தெரியுமா? நாரையைச் சேர்த்துக்கூட எண்ணியிருக்க மாட்டான்!"

போனை வைத்துவிட்டு மகளிடம் திரும்பினார். "நீ அங்கதானே நின்னே. எத்தனை பேருன்னு நீயே சொல்லு."

பிரையனி சூப்பைக் கிண்டினாள். "கவுன்சில் பேச்சு இந்த மேஜையில கிடையாதும்மா."

"சட்டத்தை ரத்து பண்ணிட்டேன். சொல்லுடி!"

"என்னை ஏன் கேக்கறே? கம்பத்துல இருக்கிற பெட்டி ஒவ்வொருத்தரையும் எண்ணிச்சு. போனதையும் வந்ததையும்."

"ஆஹா!" டெனிஸ் மேஜையைத் தட்டினார். வெந்நீர் தரையில் தளும்பியது. "அப்படிப் போடு! அந்தக் கணக்கைத் தூக்கிப் பத்திரிகைக்காரன் மூஞ்சியில எறி."

"எறியலாம். அந்தப் பெட்டி எதுக்கு இருக்குன்னு தெரியுமா?"

"எதுக்கு?"

"பாலத்துல எத்தனை பேர் நடக்கறாங்கன்னு பார்க்க. நிறையப் பேர் நடந்தா, தொட்டி அங்கேயே இருக்கும். யாரும் நடக்கலன்னா எடுத்துடுவாங்க. இன்னிக்குத்தான் கடைசி நாள்." குரலைத் தணித்தாள். "அதுக்கு கோபமா நடக்கறவங்களும் சந்தோஷமா நடக்கறவங்களும் ஒண்ணுதான்மா. காலையில முட்டையைப் பத்திப் பேசச் சொன்னியே, அப்பவே சொல்ல வந்தேன்."

டெனிஸின் உதடு அசைந்தது. போனது, வந்தது, போட்டோவுக்காக இன்னொரு தரம், கையுறைக்காக இன்னொரு தரம் என்று அவர் மனதுக்குள் நடந்து பார்ப்பது எனக்கே தெரிந்தது.

"பயப்படாதே," என்றாள் பிரையனி. "இன்னிக்குக் கணக்கை நான் எடுத்துடறேன். ஊர்வலம் நடந்த நாள், சேர்த்தா நியாயமில்லன்னு காரணம் சொல்லிடறேன். மழை பெஞ்ச நாள் கணக்கை மட்டும் அனுப்பறேன். நீ ஜெயிச்சிடுவே." கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவள் எங்கேயோ பார்த்தாள். அந்தத் திட்டம் அவளுடைய ஒரு வருஷ உழைப்பு.

"எடுத்துட்டா?"

"எடுத்துட்டா இன்னிக்கு பாலத்துல யாரும் நடக்கலன்னு அர்த்தம்."

"யாரும் நடக்கலயா?" டெனிஸுக்குப் பொறுக்கவில்லை. "நார்மன் அந்த முட்டியை வெச்சுக்கிட்டு எத்தனை தரம் ஏறி இறங்கினான்! அவன் நடக்கலயா? அவன்கிட்ட நான் போய், 'நீ வரவே இல்ல நார்மன்'னு சொல்லணுமா?"

"அப்ப சேர்க்கட்டுமா?"

"சேர்த்தா பாலம் மூடினபடியே இருக்கும்."

"ஆமா."

"எடுத்தா நான் ஒரு ஈ காக்காயைக்கூடக் கூட்டலன்னு ஆகும்."

"ஆமாம்மா."

டெனிஸ் என்னைப் பார்த்தார். "இப்படி ஒரு பொண்ணைப் பெத்து வெச்சிருக்கேன் பாரு குமு." அந்தத் திட்டலில் கோபத்தைத் தேடினேன். அவ்வளவாக இல்லை.

அப்புறம் ஒரு ரொட்டித் துண்டை எடுத்து சூப்பில் தோய்த்தார்.

"வித்தது நல்லாத்தான் வித்தது," என்றார் டெனிஸ், யாரிடமோ சொல்வது போல. "கார்ல வர்றவன் ஒண்ணை வாங்கிட்டு ஓடுவான். இன்னிக்கு ஒவ்வொருத்தரும் நின்னு, கதை பேசி, ரெண்டாவது வாங்கிட்டுப் போனாங்க. அது சரி. ஆனா தினமும் நான் ஊர்வலம் நடத்த முடியுமா? மழை பெஞ்சா யாரும் வர மாட்டாங்க. நீதான் சொன்னே, ஒருத்தரும் வரலன்னு. அதுதானே நிஜம்?"

பிரையனி போனை எடுத்து, பெட்டி அனுப்பிய கணக்கைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "ஒருத்தரும் வரலன்னு சொல்ல முடியாது. ஒருத்தர் வந்திருக்கார்."

"யாரு?"

"பேர் எல்லாம் பெட்டிக்குத் தெரியாது. ஒரு சைக்கிள். தினமும் விடியறதுக்கு முன்னாடி அந்தப் பக்கம் போகுது, கொஞ்ச நேரத்துல திரும்பி வருது. ஆலங்கட்டி விழுந்துச்சே வியாழக்கிழமை, அன்னிக்குக்கூட. இன்னிக்கு ரெண்டு தடவை. காலையில ஒண்ணு, இப்ப இருட்டற நேரத்துல ஒண்ணு."

"ஆலங்கட்டியிலயா? எந்தப் பைத்தியம் அது?"

"அந்த உப்பை இப்படித் தள்ளு," என்றார் கிளைவ்.

டாக்டர் சொன்ன நாளிலிருந்து கிளைவ் உப்பைத் தொடுவதில்லை.

டெனிஸ் உப்பைத் தள்ளவில்லை. கால் துடைக்கத் துண்டை எடுக்க மேஜைக்கடியில் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. எனக்குப் பயமாகி நானும் குனிந்து பார்த்தேன்.

கிளைவின் கால்சட்டையின் வலது கால், காலுறைக்குள் நன்றாகச் செருகியிருந்தது. கணுக்காலுக்கு மேலே கறுப்பாக சைக்கிள் சங்கிலி எண்ணெய்.

டெனிஸ் மெதுவாக நிமிர்ந்தார். முகம் சிவந்திருந்தது, குனிந்ததாலா என்று தெரியவில்லை. பதாகையின் ஒரு முனையை நாள் முழுக்கப் பிடித்து நடந்த புருஷனைப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். எனக்கு உயிர் போய் வந்தது.

"குமு," என்றார், "ஒரு வாரமா உன்னைத் தப்பா நெனச்சுட்டேன், கண்ணு."

"என்ன தப்பா?" என்றாள் பிரையனி.

"உனக்கு வேண்டாம், நீ சூப்பைக் குடி. இன்னிக்குக் கணக்குல கை வைக்காதே. அப்படியே அனுப்பு. பக்கத்துலயே ஊர்வலம்னும் எழுது, டெனிஸ் ஹெப்வொர்த் நடத்தினதுன்னு எழுது. புதன்கிழமை கவுன்சில்ல பேச நான் பேர் குடுத்திருக்கேன்ல, அதுவும் அப்படியே இருக்கட்டும்."

"என்ன பேசப் போறே?"

"இன்னும் தெரியல. ஒரு விஷயத்தை என் கண்ணால பார்த்துட்டுச் சொல்றேன்." கிளைவின் பக்கம் சாய்ந்தார். "ஆத்துக்கு அந்தப் பக்கம் முட்டைக்கோஸ் எல்லாம் சீஸ் வெங்காய பப்ஸ் சாப்பிடுதாய்யா?"

கிளைவ் கரண்டியை வைத்தார். "கார் இல்லாம, விடியற நேரத்துல அந்தப் பாலம்..." என்று ஆரம்பித்தார்.

"இப்ப சொல்ல வேண்டாம். நாளைக்குக் காலையில ரெண்டு பப்ஸ் எடுத்து வைக்கறேன். சூடு ஆறாம துணியில சுத்தி." டெனிஸ் துண்டை எடுத்து விரல் விரலாகக் காலைத் துடைத்தார். "உன் சைக்கிள்ல பின்னாடி உட்கார இடம் இருக்கா?"

கிளைவ் குனிந்து, காலுறைக்குள்ளிருந்து கால்சட்டையை உருவிவிட்டார்.

"நாளைக்கும் மழையாம்," என்றார். "கோட்டை எடுத்துக்கோ."